மக்காச்சோளப் பொரி: பிள்ளைகளுக்குத் தரலாமா? நிலத்தில் போடலாமா?

பூரணாங்குப்பத்தில் சவுக்கும், கொஞ்சம் தென்னையும், இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் நம்மிடம் ஒரு விஷயம் கேட்டார். ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறார். தேரைப் பார்த்ததைவிடப் பாப்கார்ன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகமாம். வாங்கிக் கொடுத்தார். ஒரு கூம்புப் பொட்டலத்துக்குக் கொடுத்த காசு அவருக்கு உறுத்தியது. "மாட்டுக்கு வாங்கி வைத்த மக்காச்சோளம் வீட்டிலேயே இருக்கிறதே" என்று மறுநாள் ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டியில் போட்டு வறுத்தார். ஒன்றும் பொரியவில்லை. சில மணிகள் கீறின, மற்றவை கருகின. வீடெல்லாம் தீய்ந்த வாடை.

அவர் கேட்டது மூன்று கேள்வி. என் சோளம் ஏன் பொரியவில்லை? இந்தப் பொரி பிள்ளைகள் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? நல்லது என்றால் பொரிகிற சோளத்தை நானே பத்துக் குழியில் போட்டால் என்ன?

மூன்றும் சேர்ந்த விஷயம்தான். வரிசையாகப் பார்ப்போம்.

மாட்டுச் சோளம் ஏன் பொரியாது?

மக்காச்சோளத்தில் பல வகை உண்டு. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் ஏராளமாக விளைந்து, நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் போவது பெருமணி வகை. மணி பெரிதாக இருக்கும். உள்ளே மிருதுவான மாவு அதிகம். பொரிக்கிற சோளம் வேறு வகை. மணி சிறிதாக, கண்ணாடி போல் மினுமினுப்பாக, கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும். மேல் தோல் தடித்தது. ஓட்டை விரிசல் இல்லாதது.

இந்த மணிக்குள் ஒரு சொட்டுக்கும் குறைவான ஈரம் அடைபட்டுக் கிடக்கிறது. சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. கெட்டியான தோல் ஆவியை வெளியே விடுவதில்லை. சுமார் 180 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் நாலு மடங்கு ஆகிவிடுகிறது. அதற்கு மேல் தோல் தாங்காது. படாரென்று வெடிக்கிறது. உள்ளே வெந்து கூழாகியிருந்த மாவு ஒரே நொடியில் நுரையாகப் பொங்கி அப்படியே இறுகிவிடுகிறது. அதுதான் நாம் தின்னும் வெள்ளைப் பூ. தீவனச் சோளத்தின் தோல் அவ்வளவு அழுத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆவி முன்னதாகவே கசிந்து போய்விடும். ஆகவே அவர் வறுத்த விதத்தில் குற்றம் ஒன்றுமில்லை. சட்டியை மாற்றினாலும், அடுப்பைக் கூட்டினாலும் அது பொரியாது.

நம் வீட்டு நெல் பொரியும் இதே கதைதான் என்பதைக் கவனித்தால் விஷயம் எளிதாக விளங்கும். கார்த்திகைக்குப் பொரிக்கும் நெல் பொரியில் உமியே மூடி. உமி இறுக்கமாக இருக்கும் நெல் நன்றாக மலரும். அடிபட்டு உமி கீறிய நெல் மலராது.

விதைப் பையில் கை வைக்காதீர்கள்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாட்டுத் தீவனச் சோளத்தை வறுத்துப் பார்த்தவரைப் போல், விதைக்கு வாங்கி மிஞ்சிய மக்காச்சோளத்தை வறுத்துப் பார்க்க எவருக்காவது தோன்றலாம். கூடவே கூடாது. கடையில் பையில் வரும் விதை பூசண மருந்தும் பூச்சி மருந்தும் கலந்து நேர்த்தி செய்யப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றியிருப்பதே, "இது தின்பதற்கல்ல" என்று காட்டத்தான். கழுவினாலும் வறுத்தாலும் மருந்து போய்விடாது. மிஞ்சிய விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

பூசணம் பிடித்த சோளமும் அப்படியே. மழையில் நனைந்து, பச்சையோ கருப்போ பூத்த மணியில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். மணிலாக் கொட்டையில் வருகிறதே, அதே நஞ்சுதான். ஈரலைக் கெடுப்பது. வறுத்தால் முழுவதும் அழியாது. பூத்த மணியைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைத் தின்னலாம் என்று எண்ணுவதும் சரியல்ல. நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்து மணிகளிலும் இருக்கலாம்.

உடம்புக்கு என்ன தருகிறது?

பொரியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், அதாவது எண்ணெய், உப்பு, வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் வெறும் சூட்டில் பொரித்தது என்றால், அது நல்ல தின்பண்டம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். காரணம், அது முழுத் தானியம். அரிசியைத் தீட்டித் தவிடு நீக்குகிறோம், கோதுமையை மைதாவாக்குகிறோம். பொரியில் தோல், முளை, மாவு மூன்றும் அப்படியே இருக்கின்றன. வெறுமனே பொரித்த 100 கிராம் பொரியில் சுமார் 387 கலோரி, 13 கிராம் புரதம், 4 முதல் 5 கிராம் கொழுப்பு, 14 முதல் 15 கிராம் நார்ச்சத்து உள்ளன. நார்ச்சத்தைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் அரிசிப் பொரி 100 கிராமில் புரதம் 7.5 கிராம். நார் கால் கிராமுக்குச் சற்று மேல், இல்லையென்றே சொல்லிவிடலாம்.

ஆனால் 100 கிராம் என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. பொரி பஞ்சு மாதிரி. ஒரு டம்ளர் பொரி 8 கிராம்தான் தேறும், 30 கலோரி. மூன்று டம்ளர் தின்றால் 25 கிராம், 100 கலோரிக்குச் சற்றுக் குறைவு, மூன்றரை கிராம் நார். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். உடம்பில் சேருவது குறைவு. எடை கூடிவிட்டது என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது வசதி. உழைத்துக் களைத்து வரும் ஆளுக்கும், வளரும் பிள்ளைக்கும் இது மட்டும் போதாது. அவர்களுக்கு இது இடைப்பண்டமே தவிர, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடு ஆகாது.

பொரியின் தோலில் இன்னொரு சத்தும் உண்டு. அமெரிக்காவில் ஸ்கிராண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியல் பேராசிரியர் ஜோ வின்சன் 2012ஆம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். பழங்களிலும் காய்களிலும் இருக்கும் பாலிஃபீனால் என்னும் காப்புச் சத்து பொரியில் நிறைய இருப்பதாகவும், அது பெரும்பாலும் பல்லில் மாட்டும் அந்தத் தோலில்தான் இருப்பதாகவும் சொன்னார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. பழத்துக்குப் பதில் பொரி என்று அதற்கு அர்த்தம் செய்யக் கூடாது. பழத்திலுள்ள வைட்டமின் சி பொரியில் கிடையாது. கொய்யாவை விட்டுவிட்டுப் பாப்கார்ன் வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

மக்காச்சோளப் புரதத்திலும் ஒரு குறை இருக்கிறது. லைசின், டிரிப்டோஃபேன் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் அதில் குறைவு. பயறு வகைகளில் லைசின் தாராளம். ஆகவே பொரியோடு ஒரு பிடி பொட்டுக்கடலை சேர்த்தால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். பொட்டுக்கடலை 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் சேர்த்துப் படைக்கிறோமே, அந்தக் கலவை இங்கும் பொருந்தும். வறுத்த மணிலா சேர்த்தாலும் சரியே. ஆனால் மணிலாவில் கொழுப்பு 40 சதத்துக்குப் பக்கம், அளவாகப் போடவும்.

எண்ணெய், உப்பு, பாகு

இதுவரை சொன்ன நல்ல பெயரெல்லாம் வெறும் பொரிக்கு. வண்டியிலும் சினிமாக் கொட்டகையிலும் விற்பது வெறும் பொரி அல்ல.

எண்ணெய் ஊற்றிப் பொரித்தால் 100 கிராமுக்கு 387 கலோரி என்பது 500 ஆகிறது. 4 கிராம் கொழுப்பு 28 கிராம் ஆகிறது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் நுகர்வோர் நலனுக்காக இயங்கும் விஞ்ஞான மையம் ஒன்று சினிமாக் கொட்டகைப் பொரியைச் சோதித்துப் பார்த்தது. நடுத்தரப் பை ஒன்றில் 37 கிராம் பூரிதக் கொழுப்பு. ஒரு ஆள் ஒரு நாள் முழுவதும் சாப்பிடக்கூடிய அளவே 20 கிராம்தான் என்று அந்நாட்டில் சொல்லி வந்தார்கள். காரணம் என்னவென்று பார்த்தால், அங்கே தேங்காய் எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்கள்! தென்னை வைத்திருக்கும் நம் விவசாயிகள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுச் சட்டியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவது வேறு; வாளிப் பொரியை எண்ணெயில் குளிப்பாட்டுவது வேறு.

வனஸ்பதி அதைவிட மோசம். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இரத்தக் குழாயை அடைக்கும். உணவில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அடைத்த எண்ணெயில் இதைச் சோதிக்க முடியும். வண்டிக்காரர் சட்டியில் எதை ஊற்றுகிறார், எத்தனை முறை காய்ச்சிய எண்ணெய் என்பதை யார் சோதிப்பது? வாங்குகிறவர்தான் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அடர்த்தியான மஞ்சள் நிறம் பொரிக்கு இயற்கையில் கிடையாது. நல்ல பொரி வெள்ளையாகவோ இளம் மஞ்சளாகவோ இருக்கும்.

வெண்ணெய் வாசனைக்கும் ஒரு வரலாறு உண்டு. டைஅசெட்டில் என்னும் இரசாயனம் அந்த வாசனையைத் தரும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப் போனது 2000ஆம் ஆண்டு வெளியே வந்தது. தின்றவர்களுக்கு அல்ல, சூடான வாசனை எண்ணெயின் ஆவியை நாள் முழுதும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு. அதன்பின் பல கம்பெனிகள் அதைக் கைவிட்டன.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்புப் போட்டு எண்ணெயில் பொரித்த பாப்கார்ன் 100 கிராமிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு வந்துவிடுகிறது. ஊறுகாய், கருவாடு, குழம்பு எல்லாம் இதற்கு மேல்தான். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புப் பொரியைத் தவிர்ப்பது நலம்.

சர்க்கரைப் பாகு பூசிய பொரியில் ஏறத்தாழப் பாதி எடை சர்க்கரைதான். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உப்பும் மசாலாவும் போட்ட பொரியைக் காரத் தின்பண்டம் என்றும், பாகு பூசியதைச் சர்க்கரை மிட்டாய் வகை என்றும் பிரித்துச் சொன்னபோது நாடே சிரித்தது. வரியை விட்டுவிடுவோம். அது மிட்டாய் என்று சொன்னது மட்டும் சரியான பேச்சு. சர்க்கரை நோயாளிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வெறும் பொரியும் மாவுச்சத்துதான்; ஆகவே அவர்கள் அதையும் இரண்டு மூன்று டம்ளருக்கு மேல் போகாமல், கடலையோ சுண்டலோ சேர்த்துத் தின்பது உசிதம்.

சிறு குழந்தைகளுக்கு வேண்டாம்

நாலு வயது நிறையாத குழந்தைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. அரைகுறையாகப் பொரிந்த மணியும் தோலும் மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். குழந்தை டாக்டர்கள் மணிலா, கடலையோடு சேர்த்து இதையும் எச்சரிக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் தின்னும்போது பக்கத்தில் இருக்கும் கைக்குழந்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. திருவிழாக் கூட்டத்தில் ஓடிக்கொண்டே தின்னும் பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தின்னச் சொல்லுங்கள்.

பல் ஆடும் முதியவர்களுக்கும் பொரியாத மணி ஆபத்து. பல் உடையும். அவர்களுக்கு அவல் நல்லது.

வேறு பொரிகளும் உண்டே

பாப்கார்ன் வருவதற்கு முன் நாம் பொரியே தின்னவில்லையா? நெல் பொரி, அவல் பொரி, கம்பு, சோளம் எல்லாம் பொரித்தவர்கள்தான். மக்காச்சோளம் நம் மண்ணுக்கு வந்தது போர்த்துகீசியர் காலத்துக்குப் பின். அதன் சொந்த ஊர் மெக்சிகோ. பெரு நாட்டுக் கடற்கரையில் சுமார் 6700 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொரிச் சோளக் கதிர்கள் கிடைத்திருக்கின்றன. நமக்கு உரியது வெள்ளைச் சோளம். வட கர்நாடகத்தில் நாகபஞ்சமிக்கு இன்றும் சோளப்பொரி உண்டு.

வெள்ளைச் சோளப் பொரி அளவில் சிறியது, வாய் நிறையாது. ஆனால் தோல் மெல்லியது. பல்லிலும் தொண்டையிலும் மாட்டாது. எல்லா இரகமும் பொரியாது. மணி சிறிதாகவும் கெட்டியாகவும் உள்ள நாட்டு இரகங்களே நன்றாகப் பொரியும். கையில் இருக்கும் சோளத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சூடான சட்டியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மானாவாரியில் சோளம் போடும் வீட்டில் பாப்கார்ன் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

வீட்டில் பொரிக்கும் விதம்

மளிகைக் கடையில் பாப்கார்ன் சோளம் என்றே கேட்டு வாங்க வேண்டும். 100 கிராம் மணி 3 முதல் 4 லிட்டர் பொரியாகும். நாலு பிள்ளைகளுக்குத் தாராளம். அந்த விவசாயிக்கு உறுத்திய கூம்புப் பொட்டலத்தில் எத்தனை மணி இருந்திருக்கும் என்று அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்!

அடி கனத்த சட்டி வேண்டும், மூடி வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நாலு மணியை மட்டும் முதலில் போடுங்கள். அவை பொரிந்தால் சூடு சரி. பிறகு அரை டம்ளர் மணியைப் போட்டு, மூடியைச் சிறிது சாய்த்து வைத்து, சட்டியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி வெளியே போக வழி இல்லாவிட்டால் பொரி ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெடிச் சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று என்று குறைந்ததும் இறக்கிவிடுங்கள். எல்லா மணியும் பொரியட்டும் என்று காத்திருந்தால் பொரிந்தது கருகும். எண்ணெயே வேண்டாமென்றால் இரும்புச் சட்டியில் கல்லுப்பையோ சலித்த மணலையோ காயவைத்துப் பொரித்துச் சலித்துக்கொள்ளலாம்.

மேலே தூவ உப்பு மட்டும்தானா உண்டு? மிளகுத்தூள், மஞ்சள்தூள், கருவேப்பிலைப் பொடி, கொஞ்சம் இட்லிப் பொடி எல்லாம் பொருந்தும். பொரி சூடாக இருக்கும்போதே தூவினால் ஒட்டும்.

நிலத்தில் போடலாமா?

இனி மூன்றாவது கேள்வி. போடலாம். ஆனால் பத்துக் குழிக்கு மேல் முதல் தடவை போடவேண்டாம் என்பது நம் யோசனை.

வட மாநிலங்களில் அம்பர் பாப்கார்ன், வி.எல். அம்பர் பாப்கார்ன் ஆகிய கூட்டு இரகங்கள் பல காலமாக உள்ளன. லூதியானாவிலுள்ள மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனம் டி.எம்.ஆர்.எச்.பி. 1402 என்ற வீரிய ஒட்டு ஒன்றைத் தந்திருக்கிறது. கூட்டு இரகத்தில் நல்ல கதிராகப் பார்த்து விதை எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டில் அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும். மளிகைக் கடைப் பொரிச் சோளத்தை அப்படியே விதைப்பவர்கள் உண்டு. முளைக்கலாம். ஆனால் அது எந்த ஒட்டின் சந்ததியோ! கதிர் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது.

புதுச்சேரிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மக்காச்சோளம் நிற்காது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தைப்பட்டமே ஏற்றது. கதிர் முற்றி அறுவடைக்கு வரும்போது சித்திரை, வைகாசி வெயில் கிடைக்கும். பொரிச் சோளத்துக்கு அது மிகவும் அவசியம். ஏக்கருக்கு 5 கிலோ விதை. பத்துக் குழிக்கு முக்கால் கிலோ போதும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடவேண்டும். மற்ற உரங்களை மண் பரிசோதனை சொல்லும் அளவில் இட்டால் வீண் செலவு மிஞ்சும். பூங்கொத்து வெளிவரும்போதும், கதிரில் பட்டு நூல் தொங்கும்போதும் தண்ணீர் குறைந்தால் மணி பிடிக்காது. அந்த இரண்டு வாரமும் வயலில் ஈரம் காய விடக்கூடாது.

அக்கம் பக்கத்தில் தீவனச் சோளம் போட்டிருந்தால் அதன் மகரந்தம் காற்றில் வந்து சேரும். விதைக்கு எடுக்க நினைக்கும் பயிர் 200 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அல்லது விதைப்பை மூன்று, நாலு வாரம் முன்பின்னாகச் செய்யலாம்.

படைப்புழுவை மறந்துவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு நம் நாட்டுக்குள் வந்து, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பாழாக்கிய புழு இது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். இலையில் வரிசையாக ஓட்டை தெரியும். குருத்தில் மரத்தூள் போல் எச்சம் கிடக்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள் போடுங்கள். பத்துக் குழிதானே, காலையில் ஒரு நடை நடந்து முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்குவது முடியாத காரியமல்ல. தெளித்தே ஆகவேண்டும் என்றால் உழவர் உதவியகத்தில் கேட்டு, எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதையும் தெரிந்துகொண்டு தெளியுங்கள். இது கோழிக்குப் போவதல்ல, பிள்ளைகள் தின்பது.

காய்ச்சல்தான் சூட்சுமம்

பொரிச் சோளம் பயிரிட்டுக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள். நெல்லைப் போல் தார் ரோட்டில் கொட்டி, நன்றாகக் காய்ந்தால் நல்லது என்று காயவைத்தால் பொரி கெட்டது. மணியில் 13 முதல் 14 சதம் ஈரம் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெடிக்க ஆவி இல்லை. கூடினால் பொரி சிறுத்து, மெல்லும்போது தோல் மாதிரி இழுக்கும். சேமிப்பில் பூசணமும் பிடிக்கும்.

கதிரைச் செடியிலேயே மட்டை வெளுத்து மணி கெட்டியாகும்வரை விடுங்கள். ஒடித்தபின் மட்டையை உரித்து, காற்றாட நிழலில் தொங்கவிட்டோ பரப்பியோ மெதுவாகக் காயவிட வேண்டும். கடும் வெயிலில் சட்டென்று காய்ந்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தடியால் அடிப்பதும், டிராக்டர் ஏற்றுவதும், இயந்திரத்தில் வேகமாக உதிர்ப்பதும் அப்படியே. கையால் உதிர்ப்பதே மேல். பத்துக் குழி விளைச்சலை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே உதிர்த்துவிடுவார்கள். ஆண்களும் உட்காரலாம், தவறில்லை.

ஈரத்தை அளக்க மீட்டர் தேடவேண்டியதில்லை. வாரம் ஒரு முறை 100 மணி எண்ணிப் பொரித்துப் பாருங்கள். ஐந்தாறு மணி பொரியாமல் தங்கினால் குறையில்லை. இருபது முப்பது தங்கி, பொரிந்ததும் சிறுத்து இழுத்தால் இன்னும் காயவேண்டும். சத்தம் மந்தமாகி, பாதி மணி கீறலோடு நின்றுவிட்டால் அதிகமாகக் காய்ந்துவிட்டது. அதற்கும் வழி உண்டு. மூடி இறுக்கமான பாட்டிலில் முக்கால் பங்கு மணியைப் போட்டு, ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அவ்வப்போது குலுக்கி, நாலைந்து நாள் கழித்துப் பொரித்துப் பாருங்கள். பக்குவம் வந்ததும் காற்றுப் புகாத டின்னில் அடைத்துவிட வேண்டும். சாக்கில் வைத்தால் கடற்கரை ஊரில் ஈரக் காற்று வந்து கணக்கைக் கெடுக்கும்.

எங்கே விற்பது?

பத்துக் குழியில் சுமார் 4400 செடி நிற்கும். செடிக்கு 30 கிராம் மணி தேறினால்கூட 130 கிலோ. பொரித்தால் 3900 லிட்டர்! ஒரு குடும்பம் தின்று தீர்க்கிற சரக்கல்ல. தீவன வியாபாரி தீவன விலைதான் கொடுப்பார். பொரிச் சோளம் தீவனச் சோளத்தைவிட விளைச்சல் குறைந்தது, ஆகவே அந்த விலைக்கு விற்றால் நஷ்டம். விதை போடுமுன்னரே மளிகைக் கடைக்காரர், பொரி வண்டிக்காரர் இருவரிடமாவது பேசி, ஒரு கிலோ மாதிரி எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பாற்றுப் படகுத் துறைக்கும் கடற்கரைக்கும் வெளியூர்க் கூட்டம் வருகிற வழியில் இருப்பது பூரணாங்குப்பத்தாருக்கு ஒரு வசதி. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று சேர்ந்து, மிளகும் கருவேப்பிலையும் போட்டு அங்கேயே பொரித்துக் கொடுத்தால் போணியாகும் என்றே தோன்றுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காகிதப் பையில் கொடுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்தும் பொட்டலம் மடிக்க வேண்டாம். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

முதலில் கிணற்றுத் தண்ணீர்

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விவசாயி பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம் என்று இருக்கும் ஊரில் கிணற்று நீரில் உப்பு ஏறுவது புதிதல்ல. தென்னையும் சவுக்கும் அதைப் பொறுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் அவ்வளவு பொறுக்காது. இலை நுனி கருகி, செடி குறுகி நின்றுவிடும். பாகூர், வில்லியனூர் பக்கம் உள்ளே தள்ளி, நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிப் பிடித்து, பெயர், ஊர், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டி, புதுச்சேரியிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள உழவர் உதவியகத்திலோ பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அறிக்கையில் உப்பின் அளவு சரியாக இருந்தால் தைக்கு விதை ஏற்பாடு செய்யலாம். உப்பு அதிகம் என்றால் மளிகைக் கடையில் கால் கிலோ வாங்கி வீட்டில் பொரித்துக்கொள்வதே அவருக்கு லாபம்.